7 உள்ளங்கை, 28 விரல், 1 முழம்: யூனிட் கணக்கு சொல்லித்தரும் எகிப்திய அளவுகோல்

அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணக்கு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். '3.5 மீட்டரை சென்டிமீட்டராக மாற்றுக' என்பது கேள்வி. அவள் எழுதியிருந்த விடை: 0.035 செ.மீ.

"ஏம்மா இப்படி வந்துச்சு?"

"புள்ளியை ரெண்டு இடம் நகர்த்தணும் மாமா. எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு."

மூன்றரை மீட்டர் என்பது ஒரு ஆட்டோவைவிட நீளம். 0.035 செ.மீ. என்பது மூன்று, நான்கு பேப்பரை அடுக்கினால் வரும் கனம். ஆட்டோவை பேப்பர் கனத்துக்குச் சுருக்கியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. உறைக்காததற்குக் காரணம் அவள் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் என்று ஓடும் மெட்ரிக் முறையின் வசதியே இங்கே வினையாகிவிடுகிறது. புள்ளியை நகர்த்தினால் போதும் என்பதால், என்ன அளவை என்ன அளவாக மாற்றுகிறோம் என்று யோசிக்காமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் முடித்தோம். அடி கணக்கில் வீடு, சென்ட் கணக்கில் மனை, கிராம் கணக்கில் நகை என்று வரும்போது போனில் கால்குலேட்டரைத் தேடுகிறோம்.

புள்ளியை நகர்த்தவே முடியாத ஒரு அளவு முறையைக் கொடுத்துப் பார்த்தால்? 3,000 ஆண்டுகளுக்கும் முந்தைய எகிப்தில் அப்படி ஒன்று இருந்தது. அந்த அளவுகோல்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அளவையும் யூனிட் மாற்றத்தையும் சொல்லித்தர அவற்றைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

மடித்துப் பையில் வைக்கும் முழக்கோல்

இத்தாலியின் டூரின் நகரில் எகிப்திய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அங்கே கா என்ற மேற்பார்வையாளரின் கல்லறைப் பொருட்கள் ஒரு அறை முழுக்க இருக்கின்றன. கா அரசர் இல்லை. லக்சருக்கு எதிர்க்கரையில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த டேர் எல்-மெதினா என்ற ஊரில் வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். அவரும் மனைவி மெரித்தும் புதைக்கப்பட்ட கல்லறையை 1906-ல் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி தலைமையிலான குழு கண்டுபிடித்தது. திருடர் கை படாத கல்லறை. படுக்கை, துணிமணி, ரொட்டி வரைக்கும் அப்படியே இருந்தன.

கணக்கு வாத்தியாருக்கு அதில் இரண்டு பொருட்கள் முக்கியம். ஒன்று, தங்கத் தகடு போர்த்திய முழக்கோல். அரசர் இரண்டாம் அமென்ஹோதெப் காவுக்குக் கொடுத்த பரிசு. இன்னொன்று, சாதாரண மரத்தில் செய்த முழக்கோல். நடுவில் கீல் வைத்து மடிக்கிற மாதிரி செய்து, தோல் உறையும் போட்டிருக்கிறது. தங்கக்கோல் கௌரவத்துக்கு, மரக்கோல் வேலைக்கு. இன்றைய சைட் இன்ஜினியர் இடுப்பில் மாட்டும் டேப்பின் 3,400 வயதுத் தாத்தா அது.

அந்தக் கோலின் கணக்கு இதுதான். நான்கு விரல் சேர்ந்தால் ஒரு உள்ளங்கை. ஏழு உள்ளங்கை சேர்ந்தால் ஒரு அரச முழம். ஆக 28 விரல் ஒரு அரச முழம். நம் அளவில் சுமார் 52.4 செ.மீ. ஒரு உள்ளங்கை ஏறக்குறைய 7.5 செ.மீ., ஒரு விரல் 1.87 செ.மீ.

இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனைப் பாருங்கள். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களின் அகலம் 7 முதல் 7.8 செ.மீ. வரைதான். கிட்டத்தட்ட ஒரு எகிப்திய உள்ளங்கை! கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களைச் சேர்த்து அதன்மேல் வைத்தால் திரை ஏறக்குறைய மறைந்துவிடும். இப்படி ஏழு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒரு அரச முழம்.

இதற்குப் பக்கத்திலேயே சிறு முழம் என்று இன்னொன்றும் புழங்கியது. அது ஆறு உள்ளங்கை, 24 விரல், சுமார் 45 செ.மீ. இந்த 24 நமக்குப் புதிதில்லை. தமிழிலும் பழைய கணக்கில் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். முழங்கை மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தால் யாருக்கும் ஏறக்குறைய இதுதான் வரும். உடம்பிலிருந்து பிறந்த அளவு என்பதால் இரண்டு ஊரிலும் ஒத்துப்போகிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை.

ஆனால் பூக்காரம்மாவிடம் முழம் போட்டு வாங்கும் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும்: கை நீளமான பூக்காரம்மா கிடைத்தால் நமக்கு லாபம். பூவுக்கு அது சரிப்படும். பத்து ஆள் பத்து மூலையில் கல் வெட்டி ஒரே கட்டடத்தில் பொருத்தும்போது சரிப்படாது. அதனால்தான் கை போய் கோல் வந்தது. வகுப்பில் இதைச் சொல்லவே வேண்டாம். நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவரவர் முழத்தால் கரும்பலகையை அளக்கச் சொன்னால் போதும். நான்கு விடை வரும், சண்டை வரும். சண்டை முடிவதற்குள் 'பொது அளவு எதுக்கு?' என்ற பாடம் முடிந்திருக்கும்.

புள்ளி இல்லாத கணக்கு

முழக்கோல் செய்வது ரொம்ப சுலபம். இரண்டு ஏ4 தாள்களிலிருந்து பட்டையாக வெட்டி ஒட்டி, 52.5 செ.மீ. நீளத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 7.5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டால் ஏழு உள்ளங்கை வந்துவிடும். ஒவ்வொரு உள்ளங்கையையும் பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்தால் நான்கு விரல். அக்கா மகளுக்கு இதைச் செய்ய இருபது நிமிஷம் ஆனது. அதில் பத்து நிமிஷம் கோந்து தேடியது.

முதல் வேலை, அவள் உயரத்தை அளப்பது. ஸ்கேலில் 142 செ.மீ. பட்டையில் 2 முழம், அதற்கு மேல் 5 உள்ளங்கை. "விரல்ல சொல்லு" என்றேன். இங்கேதான் வேடிக்கை. நகர்த்துவதற்குப் புள்ளி கிடையாது. ஒரு முழத்துக்கு 28 விரல் என்பதால் இரண்டு முழத்துக்கு 56. ஒரு உள்ளங்கைக்கு 4 விரல் என்பதால் ஐந்துக்கு 20. மொத்தம் 76 விரல். ஒவ்வொரு படியிலும் எது பெரிய அளவு, எது சிறிய அளவு என்று பார்த்தே ஆகவேண்டும். சின்ன அளவுக்கு மாறினால் எண் பெரிதாகும், பெரிய அளவுக்கு மாறினால் எண் சிறிதாகும் என்பதை அவள் கண்ணால் பார்க்கிறாள்; பட்டையில் விரல்கள் நெருக்கமாக இருக்கின்றன, முழங்கள் இரண்டே இரண்டு.

அப்புறம் திரும்பி வருவது: 106 விரல் எத்தனை முழம்? 28-ஆல் வகுத்தால் 3 போக மீதி 22. அந்த 22-ஐ 4-ஆல் வகுத்தால் 5 போக மீதி 2. எனவே 3 முழம், 5 உள்ளங்கை, 2 விரல். கால்குலேட்டரில் 106 ÷ 28 என்று தட்டினால் 3.7857 என்று காட்டும். அந்த .7857-ஐ வைத்துக்கொண்டு ஒரு தச்சர் என்ன செய்வார்? மீதி வைத்து வகுத்தல் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இதற்குத்தான்.

சில எகிப்திய முழக்கோல்களில் இன்னொரு அழகான விஷயம் உண்டு. விரல்களை மேலும் பிரித்திருப்பார்கள், ஆனால் எல்லா விரலையும் ஒரே மாதிரி இல்லை. ஒரு விரல் இரண்டாக, அடுத்தது மூன்றாக, அதற்கடுத்தது நான்காக என்று போய், பதினைந்தாவது விரல் 16 பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பாதரசர் துட்டன்காமனின் கருவூலத் தலைவர் மாயாவின் முழக்கோல் பாரிஸின் லூவ்ரில் இருக்கிறது. இத்தகைய கோல்களில் புகழ்பெற்றது அது. ஒரு விரலின் பதினாறில் ஒரு பங்கு என்றால் சுமார் 1.17 மி.மீ. பின்னங்களை வரிசையாகக் கண்முன் நிறுத்தும் இதைவிட நல்ல சார்ட் நான் பார்த்ததில்லை. ஐந்தில் ஒன்று பெரிதா, ஆறில் ஒன்று பெரிதா என்று தடுமாறும் பிள்ளைக்கு அந்தப் படத்தை ஜூம் பண்ணிக் காட்டினால் போதும்.

ஒரு மி.மீ. தப்பினால்?

எஞ்சியிருக்கும் கோல்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. சில மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கீசாவின் பெரிய பிரமிடின் அடிப்பக்கம் 440 முழம். கோல் ஒரு மி.மீ. தப்பாக இருந்தால், 440 தடவை வைத்து முடிக்கும்போது 44 செ.மீ. தப்பு. 1925-ல் ஜே.எச். கோல் என்பவர் செய்த நில அளவைப்படி, பிரமிடின் நான்கு பக்கங்களும் 230.25 மீட்டரிலிருந்து 230.45 மீட்டருக்குள் அடங்கிவிட்டன. மிக நீளமான பக்கத்துக்கும் மிகக் குட்டையான பக்கத்துக்கும் வித்தியாசம் 20 செ.மீ.தான், அதாவது மூன்று உள்ளங்கைகூட இல்லை.

இதில் ஆசிரியர்கள் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். 440-ஐ 0.524-ஆல் பெருக்கினால் 230.56 மீட்டர் வருகிறது. 0.5236-ஆல் பெருக்கினால் 230.38. எது சரி? கோலின் நீளத்தையே சில மில்லிமீட்டர் ஐயத்தோடு வைத்துக்கொண்டு, விடையை சென்டிமீட்டர் வரை எழுதுவதில் அர்த்தம் இல்லை என்பதுதான் சரியான விடை. 'சுமார் 230 மீட்டர்' என்று எழுதும் மாணவருக்கு முழு மார்க் போடும் தைரியம் வேண்டும்.

அளந்து பார்த்ததால் உடைந்த ஒரு கதையும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளராக இருந்த பியாஸி ஸ்மித், பெரிய பிரமிடு 'பிரமிடு அங்குலம்' என்ற தெய்விக அளவில் கட்டப்பட்டது என்றும், அதன் பக்கத்தில் ஆண்டின் நாட்கள் ஒளிந்திருக்கின்றன என்றும் எழுதினார். அவருடைய கணக்குக்கு ஒரு பக்கம் சுமார் 9,140 அங்குலம் இருந்தாக வேண்டும். 1880-ன் கடைசியில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற 27 வயது இளைஞர் நில அளவைக் கருவிகளோடு கீசாவுக்குப் போனார். முறையாகப் பள்ளிக்கூடம் போகாதவர். அவருடைய அப்பா ஸ்மித்தின் கருத்தில் ஈடுபாடு கொண்டவர். பெட்ரி ஒரு பழைய பாறைக் கல்லறையில் தங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் அளந்தார். கிடைத்தது சுமார் 9,069 அங்குலம். 71 அங்குலம் குறைவு, கிட்டத்தட்ட 1.8 மீட்டர். தெய்விக அங்குலம் அங்கேயே போச்சு. உள்ளே அரசர் அறையின் நீளம் சுமார் 412.4 அங்குலம், அது 20 முழம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு முழம் 20.62 அங்குலம். அதை 2.54-ஆல் பெருக்கிப் பாருங்கள், 52.4 செ.மீ. வரும். முழக்கோலும் கட்டடமும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

வாட்ஸ்அப்பில் வரும் ஒளி வேகம்

ஸ்மித் போய்விட்டார், அவர் வாரிசுகள் இருக்கிறார்கள். பெரிய பிரமிடு இருக்கும் அட்சரேகை 29.9792 டிகிரி, ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர், இரண்டும் ஒரே இலக்கங்கள், ஆகவே எகிப்தியர்களுக்கு ஒளியின் வேகம் தெரியும் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல வானியல் தேவையில்லை, யூனிட் மாற்றம் போதும். மீட்டர் என்பது 1790-களில் பிரான்சில் பிறந்த அளவு. எகிப்தியர் கையில் இருந்தது முழம். ஒளி வேகத்தை முழத்தில் சொன்னால் நொடிக்குச் சுமார் 57.26 கோடி முழம். 29 எங்கே, 57 எங்கே! யூனிட்டை மாற்றியதும் மறைந்துபோகும் எந்த ஒற்றுமையும் யூனிட்டின் தற்செயல்தான். குடும்ப குரூப்பில் இதைச் சொல்லி நான் கொஞ்சம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

பிரமிடில் 'பை' ஒளிந்திருக்கிறது என்ற இன்னொன்றும் உண்டு. இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது, ஏனென்றால் எண் நிஜமாகவே பொருந்துகிறது. நான்கு பக்கமும் சேர்த்துச் சுற்றளவு 1,760 முழம், உயரம் 280 முழம். வகுத்தால் 44/7, அதாவது 22/7-ஐப் போல் இரண்டு மடங்கு. எப்படி?

இதற்கு விடை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1858-ல் லக்சரில் வாங்கிய பாப்பிரஸ் சுருள் அது. சுமார் கி.மு. 1550-ல் ஆமோஸ் என்ற எழுத்தர், அதைவிடப் பழைய மூலத்திலிருந்து பிரதி எடுத்த கணக்குப் புத்தகம். சுருக்கமாகச் சொன்னால், கைடு. அதில் 56-வது கணக்கு: அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம் உள்ள பிரமிடின் 'செக்கெட்' என்ன?

செக்கெட் என்பது சாய்வு. ஒரு முழம் மேலே ஏறினால் கல் எத்தனை உள்ளங்கை உள்ளே தள்ளிப்போக வேண்டும் என்ற கணக்கு. ஆமோஸ் 360-ஐப் பாதியாக்கி 180 என்கிறார். 180-ஐ 250-ஆல் வகுக்கிறார். நமக்கு 0.72, அவருக்கு அரையும் ஐந்தில் ஒன்றும் ஐம்பதில் ஒன்றும் சேர்ந்தது. நம் மாணவர்கள் இங்கே நிறுத்தி விடைக்குக் கீழே கோடு போட்டுவிடுவார்கள். ஆமோஸ் நிறுத்தவில்லை. அது முழத்தில் வந்த விடை. கல் தச்சருக்கு வேண்டியது உள்ளங்கையில். ஏழால் பெருக்கி 5 உள்ளங்கையும் இருபத்தைந்தில் ஒரு பங்கும் என்று முடிக்கிறார். அந்த இருபத்தைந்தில் ஒரு பங்கு வெறும் 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு யூனிட், அகலத்துக்கு இன்னொரு யூனிட். இரண்டையும் குழப்பாமல் கொண்டுபோவதுதான் அந்தக் கணக்கின் உயிர்.

பெரிய பிரமிடுக்கு இதைப் போடுங்கள். அடிப்பக்கத்தில் பாதி 220, உயரம் 280. வகுத்து ஏழால் பெருக்கினால் ஐந்தரை உள்ளங்கை, சுத்தமான எண். ஒரு முழம் ஏறு, ஐந்தரை உள்ளங்கை உள்ளே போ. தச்சருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஐந்தரையை ஏழால் வகுத்து எட்டால் பெருக்கினால் தானாகவே 44/7 வந்துவிடும், ஏனென்றால் சுற்றளவு என்பது பாதிப் பக்கத்தைப்போல் எட்டு மடங்கு. ஏழு வந்தது முழத்தில் ஏழு உள்ளங்கை இருப்பதால். வட்டம் எதுவும் உள்ளே வர அவசியமே இல்லை.

களஞ்சியத்தில் எத்தனை மூட்டை?

வட்டம் வருவது வேறு இடத்தில். அதே பாப்பிரஸின் 41-வது கணக்கு: விட்டம் 9 முழம், உயரம் 10 முழம் உள்ள உருண்டைக் களஞ்சியம். எவ்வளவு தானியம் பிடிக்கும்? ஆமோஸின் வழி: விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, 8 வரும். அதை அதாலேயே பெருக்கு, 64. உயரம் பத்தால் பெருக்கு, 640 கன முழம். பை-க்குப் பதில் சுமார் 3.16 பயன்படுத்தியதற்கு இது சமம். மோசமில்லை.

ஆனால் களஞ்சியக்காரர் கன முழத்தில் தானியம் கொடுக்கமாட்டார். அவருக்கு 'கர்' என்ற மூட்டைக் கணக்கு. ஒரு கன முழத்துக்கு ஒன்றரை கர். எனவே 640-உடன் அதன் பாதியைக் கூட்டி 960 கர். ஒரு கர்ருக்கு 20 ஹெகத், மொத்தம் 19,200 ஹெகத். ஒரு ஹெகத் சுமார் 4.8 லிட்டர் என்பதால் நம் கணக்கில் 92,160 லிட்டர். சரிபார்க்க வேறு வழியிலும் போகலாம்: 0.524 மீட்டரை மூன்று தடவை பெருக்கினால் ஒரு கன முழம் சுமார் 144 லிட்டர். அதை 640-ஆல் பெருக்கினால் அதே 92,160. நீள அளவிலிருந்து ஒரு பாதை, தானிய அளவிலிருந்து ஒரு பாதை, இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. அக்கா மகள் இதைப் பார்த்ததும் கேட்டது: "அப்போ ஒரு முழத்துக்கு ஏழு உள்ளங்கைன்னா, ஒரு கன முழத்துக்கும் ஏழு கன உள்ளங்கைதானே?" இல்லை, 7 × 7 × 7, மொத்தம் 343. ஒரு கன மீட்டருக்கு 100 கன சென்டிமீட்டர் என்று எழுதும் அதே தப்புதான், ஆனால் ஏழு சின்ன எண் என்பதால் கட்டைகளை அடுக்கியே காட்டிவிடலாம். பத்து லட்சம் கட்டையை யார் அடுக்குவது?

கூலி மூட்டையும் ஒரே பெயரில் இரண்டு அளவும்

மறுபடியும் டேர் எல்-மெதினாவுக்கு வருவோம். கா வாழ்ந்து இருநூறு ஆண்டுக்கும் மேலான பிறகு, மூன்றாம் ராம்செஸ் காலம். அந்த ஊர்த் தொழிலாளிக்கு மாதக் கூலி ஐந்தரை கர் தானியம்: நான்கு கர் ரொட்டிக்கான கோதுமை வகை, ஒன்றரை கர் பீருக்கான பார்லி. தலைமைத் தொழிலாளிக்கு ஏழரை. நாணயம் கிடையாது. விலை பேசும்போது 'டெபென்' என்ற செப்பு எடையில் பேசுவார்கள். ஒரு டெபென் சுமார் 91 கிராம். ஒரு கர் தானியம் இரண்டு டெபென் என்று வைத்தால், மாதக் கூலி 11 டெபென். ஏறக்குறைய ஒரு கிலோ செம்பு.

ஐந்தரை கர் எத்தனை லிட்டர்? மேலே சொன்ன 20 ஹெகத்தைப் போட்டால் 528 லிட்டர். தப்பு. பாப்பிரஸ் எழுதிய ஆமோஸ் காலத்துக் கணக்கு வேறு, இந்தத் தொழிலாளிகள் காலத்துக் கணக்கு வேறு. இவர்களுடைய கர் 16 ஹெகத்தான், சுமார் 76.8 லிட்டர். எனவே கூலி 422 லிட்டர். பெயர் அதே, அளவு வேறு. 106 லிட்டர் வித்தியாசம் ஒரு குடும்பத்தின் சோற்றில் விழுகிறது. நம் ஊரிலும் படி என்பது ஊருக்கு ஊர் மாறிய கதை பாட்டிகளுக்குத் தெரியும்.

இந்தக் கூலி தள்ளித் தள்ளிப் போனதால்தான், கி.மு. 12-ம் நூற்றாண்டின் நடுவில், ராம்செஸின் 29-வது ஆட்சியாண்டில், தொழிலாளிகள் கருவிகளை வைத்துவிட்டு வெளியே வந்து கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான, நமக்குத் தெரிந்த முதல் வேலைநிறுத்தம். அதைப் பதிவு செய்த பாப்பிரஸும் காவின் முழக்கோல் இருக்கும் அதே டூரின் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பிள்ளைகள் தூங்குவதில்லை. பிரமிடு படத்தைக் காட்டிவிட்டு '440-ஐ 52.4-ஆல் பெருக்கு' என்று மட்டும் சொன்னால் அது பழைய கணக்குக்குப் புதுச் சட்டை, அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி உள்ளே வரும்போதுதான் யூனிட் பிள்ளைகளுக்கு உறைக்கிறது.

பெரியவர்களுக்கும் உறைக்க ஒரு கதை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் 69 பேரோடு, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றுபோனது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. டாங்கில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை எடையாக மாற்ற 1.77-ஆல் பெருக்கினார்கள். ஆனால் 1.77 என்பது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண், கிலோவுக்கு 0.803. அதனால் 20,088 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர்தான் நிரப்பினார்கள். கூட்டிக் கழித்தது எல்லாம் சரி, பெருக்கலும் சரி. எண்ணுக்குப் பின்னால் எந்த யூனிட் நிற்கிறது என்றுதான் பார்க்கவில்லை. கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் விமானிகள் அதை கிளைடர் போலவே இறக்கினார்கள், யாரும் சாகவில்லை.

ஆசிரியராகவோ பெற்றோராகவோ இதை முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு: டூரின், லூவ்ர், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மூன்றும் தங்கள் சேகரிப்புப் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் பேப்பர் முழக்கோல், அப்புறம் உடம்பு, அப்புறம் கதவு மேசை, கடைசியில்தான் பிரமிடு. வரிசையை மாற்ற வேண்டாம். எடுத்தவுடன் பிரமிடுக்குப் போனால் 440 என்ற எண் மட்டும்தான் மனசில் நிற்கும்.

எங்கள் வீட்டுப் பட்டை இப்போது அக்கா மகளின் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது அதற்குப் பக்கத்தில் சுவரில் புதிதாக ஒரு பென்சில் கோடு: 2 முழம், 5 உள்ளங்கை, 1 விரல்.

"வளர்ந்துட்டியே! எத்தனை சென்டிமீட்டர்?"

"77 விரல். நீங்களே போட்டுக்கோங்க மாமா."